மூட்டை சுமந்த தோளும் ஏடு எடுத்த கையும்

"உலக இலக்கியமாம்! உலகத் திரைப்படமாம்! நாளெல்லாம் உழைத்துக் களைத்து வீடு திரும்புகிறவனுக்கு அது எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. சீமான் வீட்டுத் திண்ணையிலிருந்து இந்தக் கேள்வி வந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நம்மவரிலேயே சிலர் கேட்கிறார்கள். "அதெல்லாம் படித்தவர் சமாச்சாரம், நமக்கேன்?" என்று ஒதுங்குகிறார்கள். அதனால்தான் பேசவேண்டியிருக்கிறது.

வாதம் செய்து நேரம் போக்குவானேன்? ஒரு கூலித் தொழிலாளியின் வாழ்க்கையையே பதிலாக வைக்கிறோம்.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள நாடு செனகல். அந்நாளில் அது பிரெஞ்சுக்காரரின் குடியேற்ற நாடு. அங்கே ஸிகின்ஷோர் என்ற ஊரில், மீனவர் ஒருவரின் வீட்டில், 1923-இல் பிறந்தவர் உஸ்மான் செம்பேன். பள்ளிப் படிப்பு பாதியிலே நின்றது. மீன் பிடித்தார், கொத்து வேலை செய்தார். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார். போர் முடிந்ததும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தார். பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் கிடைத்தது வேலை. என்ன வேலை? கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை! அந்த வேலையிலேயே முதுகெலும்பில் பலத்த அடியும் பட்டார்.

துறைமுகத் தொழிலாளருக்கு அங்கே சங்கம் இருந்தது. சங்கத்துக்கு ஒரு நூலகமும் இருந்தது. பள்ளிக்கூடம் கைவிட்ட மனிதனுக்கு அந்த நூலகமே பள்ளிக்கூடம் ஆயிற்று. ஜமைக்காவில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் கிளாட் மக்கேயை அங்கேதான் கண்டுகொண்டார். மார்சேய் துறைமுகத்திலே திரிந்த ஏழைக் கறுப்பரின் வாழ்வை 1929-இலேயே 'பாஞ்சோ' என்ற நாவலாக எழுதியவர் மக்கே. ஹைட்டி நாட்டு ஜாக் ரூமெனையும் செம்பேன் அங்கேதான் கண்டுகொண்டார். வறண்ட கிராமம் ஒன்றில் பகைகொண்டு பிரிந்த உழவரைத் தண்ணீருக்காக ஒன்றுசேர்க்கும் கதையை எழுதியவர் ரூமென்.

மூட்டை தூக்கும் ஒருவன், தான் பார்த்திராத நாடுகளின் ஏடுகளைப் புரட்டுகிறான். அங்கே யாரைக் காண்கிறான்? தன்னையே காண்கிறான்! தன் துன்பம் தன் தலையெழுத்தன்று, உலகெங்கும் ஒரே வகையாக நடக்கும் அநீதி என்று உணர்கிறான். உணர்ந்தவன் சும்மா இருப்பானா? பேனாவை எடுத்தார் செம்பேன். 1956-இல் 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி' என்ற பொருள்படும் முதல் நாவல் வெளிவந்தது. 1960-இல் வந்தது அவர் புகழை நிலைநாட்டிய 'கடவுளின் மரத்துண்டுகள்'.

அந்தப் பெயருக்கு என்ன பொருள்? ஆட்களைத் தலை எண்ணினால் கேடு வரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆகவே மனிதரை எண்ணும்போது கடவுளின் மரத்துண்டுகள் என்று சொல்லி எண்ணுவது வழக்கம்.

கதை என்ன? இரயில்வே வேலைநிறுத்தம்! டக்கார் நகரிலிருந்து நைஜர் ஆற்றங்கரை வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது பிரெஞ்சுக்காரர் போட்ட இரயில் பாதை. ஒரே பாதையில் வேலை. ஆனால் வெள்ளையருக்கு ஒரு நிலை, கறுப்பருக்கு ஒரு நிலை. சமநிலை கேட்டு 1947 அக்டோபர் 10-ஆம் நாள் ஆப்பிரிக்கத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். 1948 மார்ச் 19 வரை, ஐந்து மாதங்களுக்கு மேல் நீடித்தது அந்தப் போராட்டம்.

நாவலிலே, குடிதண்ணீர் நிறுத்தப்படுகிறது. கடைக்காரர் கடனுக்கு அரிசி தர மறுக்கிறார். அடுப்புகள் அணைகின்றன. அப்போது எழுகிறார்கள் பெண்கள்! தியேஸ் நகரிலிருந்து டக்கார் வரை கால்நடையாகப் புறப்படுகிறார்கள். முன்னின்று நடத்திய பெண்டா துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறாள். ஊர்வலம் நிற்கவில்லை, நகருக்குள் நுழைகிறது. பொன்மலை இரயில்வே தொழிலாளர் ஐவர் 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் மடிந்ததை மறவாத நமக்கு, தியேஸ் பட்டறை அயலூரா?

இத்தோடு முடிந்ததா? இல்லை. 1960-இல் செனகல் விடுதலை பெற்றது. தாயகம் திரும்பிய செம்பேனை ஒரு கேள்வி வாட்டியது. யாருக்காக எழுதினோமோ அவர்கள் படித்தார்களா? நூல் இருப்பதோ பிரெஞ்சில். எழுதப் படிக்கத் தெரிந்தவரே அங்கே சிலர்; பிரெஞ்சு நூலைப் படிக்கக்கூடியவர் அதனினும் சிலர். தொழிலாளியின் கதை தொழிலாளிக்கு எட்டவில்லை!

நாற்பதை நெருங்கிய வயதில் மாஸ்கோ சென்று திரைப்படக் கலை கற்றார். 1963-இல் 'போரோம் சாரே' என்ற குறும்படம் எடுத்தார். டக்காரில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஓர் ஏழையின் ஒருநாள் கதை அது. பணக்காரர் குடியிருப்புக்குள் வண்டி போனதற்காகக் காவலர் வண்டியையே பறித்துக்கொள்கிறார். வெறுங்கையோடு வீடு திரும்புகிறான் வண்டிக்காரன். ஏழைகளின் பகுதியில் உள்நாட்டு யாழின் ஓசை. பணக்காரர் பகுதியில் ஐரோப்பிய இசை. ஒரே நகருக்குள் இரண்டு நாடுகள் இருப்பதை இசையாலேயே காட்டிவிட்டார்.

1968-இல் வந்தது 'மண்டாபி'. மணியார்டர் என்று பொருள். பாரிசில் தெருக் கூட்டும் உறவுப் பிள்ளை 25,000 பிராங்கு அனுப்புகிறான். பணம் தபாலாபீசில் இருக்கிறது, வாங்க முடியவில்லை. அடையாள அட்டை எங்கே? அதற்குப் பிறப்புச் சான்று எங்கே? புகைப்படம் எங்கே? அலைகிறார் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர். முடிவில், உதவுவதாகச் சொன்ன படித்தவனே பணத்தை விழுங்கிவிடுகிறான். பிரெஞ்சில் மட்டுமன்றி, மக்கள் பேசும் வொலோப் மொழியிலேயே இந்தப் படத்தை எடுத்தார் செம்பேன். திரைப்படத்தை அவர் மாலைப் பள்ளியாகக் கருதினார். ஊர் ஊராகப் படங்களைக் கொண்டுசென்று, காட்டி, மக்களோடு விவாதித்தார். 2007-இல் மறையும் வரை அந்தக் கொள்கையிலிருந்து அவர் மாறவில்லை.

தோழர்களே, இதிலே நமக்குப் பாடம் இரண்டு. உலகத்து நூலும் படமும் உழைப்பவனுக்கு ஆடம்பரம் அல்ல. அவன் உறவினரைக் காட்டும் கண்ணாடி. இது முதற்பாடம். தாய்மொழியில் வராத வரை அந்தக் கண்ணாடி அவன் கைக்கு எட்டாது. இது இரண்டாம் பாடம்.

இன்று கைப்பேசிக்குள்ளேயே பல நாட்டுப் படங்கள் வந்துவிட்டன. ஆனால் அடியில் ஓடும் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். கதவு திறந்திருக்கிறது, படியைத்தான் காணோம்! படி கட்டவேண்டியவர் யார்? நாம்தான். சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரி போதும். மாதம் ஒரு படத்தைத் திரையிட்டு, தெரிந்தவர் ஒருவர் தமிழிலே விளக்கிச் சொன்னால் போதும். மொழிபெயர்க்க வல்லவர்களிடம் சென்று, "இதைத் தமிழாக்கித் தாருங்கள், நாங்கள் வாங்கிப் படிக்கிறோம்" என்று கேட்டால் போதும்.

மார்சேயில் ஒரு சங்க நூலகம் ஒரு செம்பேனைத் தந்தது. நம் ஊர்ச் சங்கத்தில் மூட்டை சுமக்கும் தோள்களிடையே எத்தனை செம்பேன்கள் ஏடு கிடைக்காமல் காத்திருக்கிறார்களோ! அலமாரியைத் திறந்து வையுங்கள்.