செல்போனில் சுற்றும் புயல் படம்: கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் எதை நம்புவது?

தேனி:-

வங்கக்கடலில் காற்றழுத்த தாழ்வு பகுதி உருவாகி விட்டது என்று செய்தி வந்தால் போதும். கூடலூரில் இருந்து ஆண்டிப்பட்டி வரை செல்போன்களில் புயல் படங்கள் பறக்க ஆரம்பித்து விடுகின்றன. நீலம், பச்சை, சிவப்பு என்று கலர் கலராக சுழலும் காற்று. நடுவில் ஒரு கோடு. "அண்ணே, புயல் நேரா நம்ம பக்கம்தான் வருதாம்" என்று டீக்கடையில் ஒருவர் காட்டுவார். மறுநாள் அவரே, "ஆந்திரா பக்கம் திரும்பிருச்சாம்ணே" என்பார்.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்ட விஷயம். போடி, கம்பம், கூடலூர் பகுதிகளில் இருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு கூலி வேலைக்கு போகிறவர்கள் ஏராளம். இல்லாத புயலுக்கு பயந்து வீட்டில் இருந்தால் ஒரு நாள் கூலி போச்சு. இருக்கிற எச்சரிக்கையை மதிக்காமல் போனால் மலைப்பாதையில் பாறை உருளும்போது உயிருக்கே ஆபத்து.

திராட்சை விவசாயிக்கும் இதே கவலைதான். பழம் கனிந்து நிற்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து விடும். இலையில் செவட்டை நோய் இறங்கும். முன்கூட்டியே வெட்டினால் இனிப்பு ஏறாது, விலை கிடைக்காது. வாழைக்கு முட்டு கொடுப்பதா, நெல் அறுவடை மெஷினை இன்றே இறக்குவதா என்று எல்லாமே அந்த ஒரு கோட்டை பார்த்துத்தான் முடிவாகிறது. அந்த கோடு எங்கிருந்து வருகிறது?

யார் இந்த வெதர்மேன்கள்?

முன்பெல்லாம் புயல் என்றால் சென்னை வானிலை மையத்தின் ரமணன் டி.வி.யில் பேசுவதற்காக ஊரே காத்திருக்கும். அவர் 2016-ல் ஓய்வு பெற்றார். அதற்குள் தமிழ்நாட்டில் புதிதாக ஒரு கூட்டம் உருவாகி விட்டது. சொந்த ஆர்வத்தில் வானிலையை கவனித்து மக்களுக்கு எழுதுகிறவர்கள் இவர்கள்.

அவர்களில் அதிகம் பேருக்கு தெரிந்த பெயர் பிரதீப் ஜான். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதி வருபவர். 2015 சென்னை வெள்ளம், 2016 வார்தா புயல் சமயத்தில் லட்சக்கணக்கானோர் அவர் எழுதியதை படித்தனர். டெல்டா பக்கம் மன்னார்குடி பகுதியை சேர்ந்த ஆசிரியர் செல்வகுமாரின் ஆடியோ பதிவை கேட்டுவிட்டு வயலுக்கு போகிற விவசாயிகள் உண்டு.

இவர்களிடம் சொந்த செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. உலகத்தின் பெரிய வானிலை மையங்கள் வெளியிடும் கம்ப்யூட்டர் கணிப்புகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு பார்க்கிறார்கள். பழைய புயல்கள் எப்படி நடந்துகொண்டன என்பதையும் சேர்த்து யோசித்து, நமக்கு புரியும் தமிழில் சொல்கிறார்கள். அந்த கம்ப்யூட்டர் கணிப்புக்கு பெயர்தான் 'மாடல்'.

மாடல் என்றால் என்ன?

பூமியை சிறு சிறு கட்டமாக பிரித்துக்கொள்ள வேண்டியது. ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது காற்று எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று செயற்கைக்கோள், விமானம், கப்பல், பலூன் மூலம் கிடைத்த தகவலை போட வேண்டியது. இந்த நிலைமை அடுத்த சில நிமிடத்தில் எப்படி மாறும், அதற்கடுத்து எப்படி மாறும் என்று கணக்கு போட்டுக்கொண்டே 10 நாள், 15 நாள் வரை போவதுதான் மாடல். சாதாரண கம்ப்யூட்டரால் இது ஆகாது. சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும். இதற்காகவே இந்தியாவில் 2024 செப்டம்பரில் புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் தொடங்கி வைக்கப்பட்டன.

அமெரிக்காவின் மாடல் ஜி.எப்.எஸ். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் மையத்தின் மாடல் ஈ.சி.எம்.டபிள்யூ.எப். ஜெர்மனிக்கு 'ஐகான்'. இந்தியாவுக்கும் சொந்த மாடல்கள் உண்டு. 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டம் கொண்ட 'பாரத் போர்காஸ்ட் சிஸ்டம்' நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய மாடலின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். அமெரிக்க மாடலுக்கு சுமார் 13 கிலோமீட்டர்.

அமெரிக்க மாடல் தினமும் 4 முறை ஓடுகிறது. நம்ம நேரப்படி காலை 5.30, பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணி நிலவரத்தை வைத்து கணக்கு போடும். மாலை நிலவரத்தின் முடிவு வெளிவர இரவு 9, 10 மணி ஆகிவிடும். ஐரோப்பிய முடிவு நள்ளிரவை ஒட்டி வரும். புயல் நேரத்தில் வானிலை ஆர்வலர்கள் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பது ஏன்?

புயல் தானாக நடப்பது கிடையாது. ஆற்றில் விழுந்த தென்னை மட்டையை தண்ணீர் இழுத்துப்போவது போல, வானத்தின் மேல்மட்ட காற்று எந்த பக்கம் தள்ளுகிறதோ அந்த பக்கம் புயல் போகும். அந்த மேல்காற்று பலமாக ஒரே திசையில் அடித்தால் எல்லா மாடலும் ஒரே இடத்தை காட்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் புயல் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்போது ஒரு மாடல் சென்னை என்னும், இன்னொன்று ராமேசுவரம் என்னும்.

அதோடு, நடுக்கடலில் அளவு எடுக்க வசதி குறைவு. ஆரம்ப தகவலில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் 5-வது நாளில் அது பெரிய வித்தியாசமாகி விடும். இதனால்தான் ஐரோப்பிய மையம் ஒரே கணக்கை சின்ன சின்ன மாற்றத்தோடு 50 தடவைக்கு மேல் ஓட்டிப்பார்க்கிறது. படத்தில் நூடுல்ஸ் கொட்டியது போல கோடுகள் தெரிவது அதுதான். 50 கோடும் நெருக்கமாக போனால் நம்பிக்கை அதிகம். விசிறி போல விரிந்தால், இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

விவரம் தெரிந்த ஆர்வலர் அந்த 50 கோட்டையும் பார்க்கிறார். வாட்ஸ்-அப்பில் வருவதோ அதில் மிக பயங்கரமான ஒரே ஒரு கோடு! 10 நாளுக்கு அப்பால் இல்லாத புயலை அமெரிக்க மாடல் காட்டிவிட்டு அடுத்த கணக்கிலேயே அழித்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அழிந்த புயலின் படம் மட்டும் செல்போனில் ஒரு வாரம் சுற்றும்.

கஜா சொன்ன பாடம்

2018 நவம்பரில் கஜா புயல் உருவானபோது, கடலூருக்கும் ஆந்திராவின் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையை கடக்கும் என்றுதான் வானிலை மையம் முதலில் அறிவித்தது. பிறகு கடலூர்-பாம்பன் இடையே என்று மாறியது. கடைசியில் 16-ந்தேதி அதிகாலை நாகப்பட்டினம்-வேதாரண்யம் இடையே கரையை கடந்து டெல்டாவை புரட்டிப்போட்டது. தமிழ்நாட்டில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

கஜா அங்கேயே முடிந்து விடவில்லை. வலு குறைந்தாலும் மேற்கு நோக்கி நகர்ந்து திண்டுக்கல், கொடைக்கானல் மலைப்பகுதியை ஒட்டி வந்து அன்றே கேரளா பக்கம் இறங்கியது. கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்தன. கடலே இல்லாத ஊருக்கும் புயல் வரும் என்பதை மலையோர மக்கள் நேரில் பார்த்தார்கள்.

2020 டிசம்பரில் புரெவி வேறு மாதிரி. இலங்கையின் திரிகோணமலை பக்கம் கரையை கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பன்-கன்னியாகுமரி இடையே கடக்கும் என்று தென்மாவட்டங்களும் கேரளாவும் தயாராகி நின்றன. அதுவோ ராமநாதபுரம் கடலோரத்திலேயே நின்று வலுவிழந்தது. ஆனால் எங்கோ இருக்கும் கொள்ளிடத்தில் ஒரே நாளில் 36 செ.மீ. மழை கொட்டியது. புயலின் மையம் ஒரு பக்கம், மழை இன்னொரு பக்கம்!

2024 நவம்பரில் பெஞ்சல். இது புயலாக மாறாது என்று ஒரு நாள் சொல்லப்பட்டது. மறுநாளே புயலானது. 30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கரையை கடந்து நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்த நாள், கடலை விட்டு வெகு தூரத்தில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் சுமார் 50 செ.மீ. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்து 7 பேர் பலியானார்கள்.

தேனிக்கு ஆபத்து காற்றா, தண்ணீரா?

நம்ம மாவட்டத்துக்கு புயல் வந்து சேர்வதற்குள் காற்றின் வேகம் பெரும்பாலும் குறைந்துவிடும். ஈரம் குறையாது. கிழக்கே இருந்து வரும் ஈரக்காற்று மேகமலை, வருசநாடு, கொடைக்கானல் மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாக கொட்டும். கம்பத்தில் தூறல்தான் விழும், மலையில் பேய்மழை பெய்யும். வெயில் அடிக்கும்போதே கும்பக்கரையில், சுருளியில் திடீரென வெள்ளம் வருவது இப்படித்தான். வராகநதி, கொட்டக்குடி ஆறு, மூல வைகை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

மாடலுக்கு சிரமமான இடமும் இதுதான். 9 கிலோமீட்டர், 13 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மலையும் பள்ளமும் சேர்ந்தே வந்துவிடும். போடிமெட்டின் உயரமும் போடி ஊரின் பள்ளமும் அதற்கு சரியாக பிரித்து தெரியாது. எனவே 'கம்பத்தில் 8 செ.மீ.' என்று செல்போன் ஆப் காட்டினால், அது அந்த வட்டாரத்துக்கான தோராய கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்ம தோட்டத்துக்கு, நம்ம ஓடைக்கு சொன்னது ஆகாது.

எத்தனை நாளுக்கு முன் நம்பலாம்?

இதற்கு வானிலை துறையே கணக்கு வைத்திருக்கிறது. 2015 முதல் 2019 வரையிலான புயல்களில், 24 மணி நேரத்துக்கு முன் சொன்ன இடத்துக்கும் புயல் உண்மையில் இருந்த இடத்துக்கும் சராசரி வித்தியாசம் 77 கிலோமீட்டர். அதாவது தேனிக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். 48 மணி நேரம் என்றால் 117 கிலோமீட்டர். 72 மணி நேரம் என்றால் 159 கிலோமீட்டர். இது தேனியில் இருந்து திருச்சிக்கு நேர்கோடு போட்டால் வரும் தூரம். 3 நாளுக்கு முந்தைய கணிப்பே திருச்சி வரை தள்ளிப்போகலாம் என்றால், 10 நாளுக்கு முந்தைய படத்தை வைத்து காயாக இருக்கும் திராட்சையை வெட்டுவது நியாயமா?

அதனால் 10 நாள் படத்தை பார்த்தால் 'ஏதோ உருவாகலாம்' என்று காதில் போட்டுக்கொண்டால் போதும். 5 நாள் இருக்கும்போது பல மாடல்களும் ஒரே மாதிரி சொன்னால் மருந்து, உரம் தெளிப்பதை தள்ளி வைப்பது, வாழைக்கு கம்பு தயார் செய்வது போன்ற செலவில்லாத வேலையை தொடங்கலாம். அறுவடை, கூலி வேலை போன்ற பணம் போகும் முடிவுகளை கடைசி 2 நாள் அறிவிப்பை பார்த்து எடுப்பது நல்லது. அறிவிப்பில் கோட்டை மட்டும் பார்க்காமல், கோட்டை சுற்றி கூம்பு போல காட்டும் பகுதி முழுவதையும் பார்க்க வேண்டும். அந்த கூம்புக்குள் எங்கு வேண்டுமானாலும் புயல் போகலாம்.

கடைசி சொல் யாருடையது?

தனியார் ஆர்வலர்களிடம் நமக்கு கிடைப்பது விளக்கம். ஏன் மாறியது, எந்த ஊருக்கு எப்போது மழை என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல சொல்கிறார்கள். ஆனால் மலைப்பாதையை மூடுவது, அணை ஷட்டரை திறப்பது, பள்ளிக்கு லீவு விடுவது எல்லாம் அரசு எச்சரிக்கையை வைத்துத்தான். அதிகாரப்பூர்வ அறிவிப்பை பின்பற்றுங்கள் என்று பொறுப்பான ஆர்வலர்களே எழுதுவது வழக்கம்.

வானிலை மையத்தின் மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்துக்கொண்டு இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பு நடவடிக்கையில் இறங்குங்கள். ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடிய அதிகனமழை எதிர்பார்க்கப்படும்போதுதான் சிவப்பு எச்சரிக்கை வரும்.

நம்ம ஊரில் இதோடு அணை நிலவரத்தையும் சேர்த்து பார்க்க வேண்டும். 71 அடி உயரம் கொண்ட வைகை அணையில் தண்ணீர் 66 அடியை தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் 2-வது, 69 அடியில் 3-வது எச்சரிக்கை விடப்படும். முல்லைப்பெரியாறில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அணை ஏற்கனவே நிரம்பி இருக்கும்போது வரும் சாதாரண மழையும் ஆற்றோர மக்களுக்கு பெரிய மழைதான்.

செல்போனில் புயல் படம் வந்தால் அதில் 3 விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த தேதி, எத்தனை மணிக்கு எடுத்த கணிப்பு? எந்த மாடல்? சொன்னவர் யார்? மூன்றும் இல்லை என்றால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் கலெக்டர் அலுவலக பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் போன் போட்டு கேட்கலாம். விடியற்காலை ஜீப்பில் ஏறுவதற்கு முன், அன்று மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.