சிறையும் அபராதமும் இல்லாத தண்டனை

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தண்டனைப் பட்டியலில் ஆறாவதாகச் சமூக சேவையைச் சேர்த்தது. யோசனை புதிதல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கான 1978ஆம் ஆண்டுத் திருத்த மசோதாவிலேயே அது இருந்தது. மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது.

இத்தண்டனை ஆறு குற்றங்களுக்கு மட்டுமே உண்டு. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருவது, அவதூறு, அரசு ஊழியர் சட்டவிரோதமாக வணிகம் செய்வது ஆகியவை அவற்றில் சில. பெரும்பாலானவற்றில் சிறை, அபராதத்தோடு இதுவும் ஒரு தெரிவுதான். திருட்டில் மட்டும் அப்படியல்ல. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டனை பெறுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால், நீதிமன்றம் சமூக சேவையைத்தான் விதிக்க வேண்டும்.

ஆனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம்? சமூகத்துக்குப் பயன்படும், ஊதியம் கோர முடியாத வேலை என்பதோடு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டமே 40 மணி நேரத்துக்குக் குறையாமல், 240க்கு மிகாமல் என்று வரம்பு கட்டியது. இங்கே எல்லாம் நீதிபதியின் முடிவு. ஒரே குற்றத்துக்கு ஓர் ஊரில் இரண்டு நாள், இன்னோர் ஊரில் இரண்டு மாதம் என்று ஆகலாம்.

இதைவிட முதிர்ந்த ஏற்பாடு ஒன்று நாட்டில் ஏற்கெனவே உண்டு: 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். சென்னை மாகாணம் 1936லேயே இப்படியொரு சட்டத்தை இயற்றியிருந்தது. சிறு குற்றமென்றால் கண்டித்து அனுப்பலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்கதல்லாத குற்றங்களில், மூன்றாண்டுக்கு மிகாத நன்னடத்தைப் பிணையில் விடலாம். தேவையெனில் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லலாம். ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில், 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்பும் நீதிபதி அதற்கான காரணத்தை எழுதிவைத்தாக வேண்டும். அதற்குமுன் அலுவலரின் அறிக்கையையும் கேட்டுப் பெற வேண்டும்.

வழக்காடுவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சமூக சேவை ஒரு தண்டனை. பிணையில் விடுவது தண்டனை அல்ல, தண்டனையைத் தள்ளிவைப்பது. கண்டித்தோ பிணையிலோ விடப்பட்டவருக்கு, குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் இல்லை என்கிறது நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. சமூக சேவை செய்து முடித்தவருக்கு அந்தப் பாதுகாப்பை நியாய சன்ஹிதா தரவில்லை.