அமிலொயிட் நோயும் சிறுநீரகமும்: மலையக நோக்கில் ஒரு குறிப்பு

ஊவா மாகாணத்துச் சிறுநீரக நோய்கள் பற்றிப் பேசப் புகுவோரின் பார்வை, பெரும்பாலும் பதுளை மாவட்டத்தின் வடபால் உள்ள உலர்வலயக் குடியேற்றமாகிய கிராந்துருகோட்டையிலேயே நிலைகொள்கின்றது. காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் அங்கு மிகுந்து காணப்படுவதால் இது இயல்பே. ஆயின், அதே மாவட்டத்தின் தெமோதரை போன்ற தேயிலைத் தோட்டங்களிலும் சிறுநீரகத்தைச் சிதைக்கவல்ல வேறொரு வழி திறந்தே கிடக்கின்றது. அதனையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

அமிலொயிட் என்னும் பெயரே ஒரு தவறான ஊகத்தின் எச்சம். 1854இல் ஜேர்மன் நோயியலாளர் விர்கோ, உறுப்புக்களில் படிந்திருந்த ஒரு பொருள் அயடீன் பட்டு நிறம் மாறக் கண்டு, அதனை மாப்பொருளை ஒத்ததென எண்ணினார். உண்மையில் அது புரதமாகும். உரியவாறு மடியத் தவறிய புரதங்கள் ஒன்றோடொன்று இணைந்து, கரையாத நுண்ணிழைகளாகத் திரள்கின்றன. புடைவைக்கு ஊட்டப்படும் கொங்கோ சிவப்புச் சாயம் இவ்விழைகளைப் பற்றிக்கொள்வதை 1922இல் பென்ஹோல்ட் கண்டறிந்தார். முனைவாக்கிய ஒளியில் பச்சையாய் ஒளிரும் அச்சாயமே இன்றும் நோயைத் துணியும் சான்று.

இந்நோயில் வகைகள் பல. என்புமச்சைக் கலங்களின் கோளாற்றால் எழுவது ஒன்று. நீண்டகால இரத்தச் சுத்திகரிப்பின் விளைவாய்த் தோன்றுவது மற்றொன்று. எமக்கு முக்கியமானது, நாட்பட்ட அழற்சியின் பின்விளைவாக வரும் வகையே. உடலில் தொற்று நீடிக்குங்கால், ஈரல் ஒருவகைப் புரதத்தை வழமையிலும் பன்மடங்காகச் சுரக்கின்றது. சில நாட்காய்ச்சலில் இதனாற் கேடில்லை. காசநோய், தொழுநோய், மூட்டுவாதம் முதலியன ஆண்டுக்கணக்கில் தொடரின், அப்புரதத்தின் துண்டுகள் சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுக்களிற் படிகின்றன. வடி பழுதடைய, இரத்தத்தின் அல்புமின் சிறுநீரில் ஒழுகுகின்றது; சிறுநீர் நுரைக்கின்றது; கால்களும் முகமும் வீங்குகின்றன. ஈற்றிற் சிறுநீரகம் செயலிழக்கின்றது.

இந்தியாவில் இவ்வகை அமிலொயிட் நோய்க்குக் காசநோயே நெடுங்காலம் முதன்மைக் காரணமாயிருந்து வந்துள்ளது. காற்றோட்டமற்ற லயன் காம்பராவில் ஒரு குடும்பம் நெருங்கி உறங்குமிடத்து அக்கிருமி எளிதிற் பரவும் என்பதற்கு நுண்ணறிவு தேவையில்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயன்களோ பல தோட்டங்களில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. தெமோதரையின் புகையிரதச் சுற்றுப்பாதையைப் படம்பிடிப்போர் கண்ணில் அவை படுவதில்லை. ஆறுமாத மருந்தை இருமல் தணிந்ததும் நிறுத்திவிடுவதைத் தொழிலாளியின் அறியாமை என்று கூறுவது எளிது. கிளினிக்குக்குப் போகும் நாளின் பேர் விழாதென்பதை அவ்வாறு கூறுவோர் கணக்கிற் கொள்வதில்லை.

கிராந்துருகோட்டை நோயோடு இதனை மயக்குதல் தகாது. அந்நோய் சிறுநீரகத்தின் நுண்குழல்களையும் இடையிழையத்தையும் தாக்குவது. அதிற் புரதக் கசிவு சொற்பம். அமிலொயிட்டிலோ கசிவு மிகுதி. சிறுநீரகமும் சுருங்காது, பருத்தேயிருத்தல் கூடும். நுரைத்த சிறுநீர் அனைத்தும் அமிலொயிட் அன்று. நீரிழிவே அதனினும் பொதுவான காரணம். எனினும், காசநோய்க்கு மருந்துண்பவரின் சிறுநீரைச் சோதித்தல் பெருஞ்செலவன்று. சோதனைக் குழாயில் அதனைச் சூடாக்கி ஒரு துளி அசற்றிக்கமிலம் இட்டபின்னும் வெண்கலங்கல் நிலைக்குமாயின், அல்புமின் உண்டெனக் கொள்ளலாம். தொற்றை முற்றாக அடக்கினால் ஈரலின் சுரப்புத் தணிந்து படிவு மந்தமாகும். சிலரிற் கசிவுங் குறையும். அந்நிலையிலேயே நோயாளி பதுளைக்கு அனுப்பப்படல் வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே செய்யக்கூடிய சோதனை இது.