உள் மங்கோலியா: யாருக்கு ‘உள்’?

சீனாவின் வட எல்லையில் நீண்டு கிடக்கும் புல்வெளி நிலத்தை ‘உள் மங்கோலியா’ என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். அந்த மண்ணின் உரிமைக்காக வெளிநாடுகளில் இருந்து குரல் கொடுக்கும் மங்கோலியர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது ‘தென் மங்கோலியா’.

‘உள்’ என்பது பேரரசு வைத்த பெயர். கோபி பாலைவனத்துக்குத் தெற்கே இருந்த மங்கோலியத் தலைவர்கள் 1636-லேயே மஞ்சு அரசர் ஹொங் தைஜியைத் தங்கள் பேரரசராக ஏற்றார்கள். வடக்கே இருந்த கல்கா மங்கோலியர் 1691-ல்தான் பணிந்தார்கள். முந்தி வந்தவர்களை உள்ளே என்றும் பிந்தி வந்தவர்களை வெளியே என்றும் மஞ்சுக்களின் சிங் பேரரசு பிரித்து ஆண்டது. ‘வெளி’ மங்கோலியா 1911-ல் விடுதலையை அறிவித்தது; இன்று அது தனி நாடு. தெற்கே 1947 மே 1-ல் தன்னாட்சிப் பகுதி அமைந்தபோது, அதற்குச் சீன மொழியில் ‘உள்’ என்ற அடைமொழியே நிலைத்தது.

மங்கோலிய மொழியிலோ அரசு ஏட்டிலும் அது ‘ஒவோர் மங்கோல்’தான். மலையின் வெயில் படும் தென்சரிவை ‘ஒவோர்’ என்பார்கள். முன்பக்கம், மடி என்றும் அதற்குப் பொருள் உண்டு. இதன் எதிர்ச்சொல் ‘ஆர்’: முதுகுப்புறம், வடக்கு. மங்கோலியா நாட்டில் காங்காய் மலையை ஒட்டி ஆர்காங்காய், ஒவோர்காங்காய் என்று இரண்டு மாகாணங்கள் இருக்கின்றன.

நாடோடிகளின் ‘கெர்’ கூடாரத்துக்குள் போனால், முன்பக்கம் தெற்காவது கண்ணெதிரே விளங்கிவிடும். வாசல் தெற்குப் பார்த்திருக்கும். பெரியவர்களுக்கான இடம் வடக்கே, பின்பக்கம். அங்கே வாசலை நோக்கி உட்கார்ந்தால் வலக்கைப் பக்கம் மேற்கு, இடக்கைப் பக்கம் கிழக்கு. வலதுக்கும் மேற்குக்கும் அவர்களிடம் ஒரே சொல், ‘பாருன்’. நிலத்தின் மேடுபள்ளத்தை வைத்து மேற்கு, கிழக்கு என்று திசைக்குப் பெயரிட்ட தமிழருக்கு இந்த வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே உள் மங்கோலியாவின் தலைநகர் ஹோஹோட்டின் இருமொழிப் பெயர்ப்பலகை ஒன்றில் சீன எழுத்து ‘உள்’ என்கிறது. அருகே மேலிருந்து கீழாக இறங்கும் பழைய மங்கோலிய எழுத்து ‘தெற்கு’ என்கிறது. மங்கோலியா நாடு 1940-களில் சிரிலிக் எழுத்துக்கு மாறிவிட்டது. பழைய எழுத்து அன்றாடப் புழக்கத்தில் தொடர்ந்தது தெற்கேதான்.

தன்னாட்சிப் பகுதியில் மங்கோலியர் இப்போது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் மங்கோலியா நாட்டின் மொத்த மக்கள்தொகையைவிட இவர்கள் அதிகம். 2020 செப்டம்பரில் பள்ளிகளில் முக்கியப் பாடங்கள் படிப்படியாகச் சீன மொழிக்கு மாற்றப்படத் தொடங்கியபோது, பெற்றோர் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்ப மறுத்துப் போராடினார்கள். தாய்மொழிக்காக எழுந்த அந்தக் குரலை உலகம் போதிய அளவு கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

2023 முதல் அங்கே அரசு முன்னிறுத்தும் புதிய தொடர் ‘வட எல்லைப் பண்பாடு’. பெய்ஜிங்கில் இருந்து பார்த்தால் அது வடக்கு. அந்தத் தொடரில் ‘மங்கோல்’ என்ற சொல்லே இல்லை.