டைட்டர் வேல்யூ எவ்ளோ மச்சி?

முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேப்ல அதிகமா காதுல விழுற கேள்வி எது தெரியுமா? வைவா கேள்வி இல்லை. பக்கத்து டேபிள்ல இருந்து மெதுவா வர்ற "டைட்டர் வேல்யூ எவ்ளோ மச்சி?" தான்.

நானும் கேட்டிருக்கேன். தண்ணீரின் கடினத்தன்மை எக்ஸ்பெரிமென்ட். எனக்கு 15.9 வந்தது. சுத்தி இருந்த மூணு பேருக்கும் 15.2. அப்சர்வேஷன் நோட்ல 15.2-ன்னு எழுதினேன். கன்கார்டன்ட் வேல்யூ வேணுமே, கீழே இன்னொரு 15.2. கையெழுத்து வாங்கியாச்சு, கேன்டீனுக்குப் போயாச்சு. அந்த 0.7 மில்லி எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. ப்யூரெட்டைத் தண்ணில கழுவினதோட நிறுத்திட்டேன். கொஞ்சம் ஈடிடிஏ ஊத்தி ஒரு தடவை அலசி இருக்கணும். உள்ளே ஒட்டியிருந்த தண்ணி ஈடிடிஏவை நீர்த்துப்போக வச்சிருக்கு, அதனால அதிகமா செலவாகியிருக்கு. அன்னிக்கு அந்த லேப்ல நான் கத்துக்க வேண்டிய ஒரே விஷயம் அதுதான். அதைத்தான் அழிச்சு எழுதினேன்.

இதுக்கு மாணவர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. எக்ஸ்பெரிமென்ட் அமைஞ்சிருக்கிற விதமே அப்படி. சாம்பிள் தண்ணியை லேப்லயே தயார் பண்ணி எல்லாருக்கும் ஊத்துறாங்க. சரியான விடை ஏற்கெனவே ஒரு நோட்டுல இருக்கு. அதுக்கு எவ்வளவு பக்கத்துல வர்றோமோ அவ்வளவு மார்க். விடை ஒண்ணுதான், மார்க்கும் அதுக்குத்தான்னா, பக்கத்துல இருக்கிறவனைக் கேட்கிறவன்தானே புத்திசாலி?

சரி, லேப்தான் இப்படி, தியரியாவது புரியுதான்னு பார்ப்போம். உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு இரும்பு டேங்க் முழுக்க ஹைட்ரஜன் வாயு. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். மூலக்கூறுகளைப் புள்ளிகளா வரைஞ்சா, டேங்க் முழுக்கப் பரவலா இருக்கும். இப்போ டேங்கை மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர வைக்கிறோம். புள்ளிகள் எப்படி இருக்கும்? அடியில வந்து படியுமா, நடுவுல குவியுமா, இல்லை சுவரோரம் ஒட்டுமா?

எதுவும் இல்லை. முன்னாடி இருந்த மாதிரியே பரவலாத்தான் இருக்கும். ஹைட்ரஜனோட கொதிநிலை ஏறக்குறைய மைனஸ் 253 டிகிரி. மைனஸ் 20-ல அது நல்லாவே வாயு. அழுத்தம் குறையும், வேகம் குறையும், அவ்வளவுதான். இந்தக் கேள்வியை 1987-ல நரன்பெர்ன், பிக்கரிங்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்கள்கிட்ட கேட்டாங்க. கூடவே வழக்கமான வாயு விதிக் கணக்கும் கொடுத்தாங்க. கணக்கை நல்லா போட்டவங்க பலர் படத்துல தடுமாறினாங்க. எங்க ஹாஸ்டல் ரூம்ல நானும் கேட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல "அடியில படியும்"னாங்க. அதுல ஒருத்தன் கெமிஸ்ட்ரில ஓ கிரேடு!

இது ஏன்னு ஸ்காட்லாந்து பேராசிரியர் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் 1991-ல ஒரு முக்கோணம் போட்டு விளக்கினார். கெமிஸ்ட்ரி மூணு தளத்துல நடக்குது. ஒண்ணு கண்ணால பார்க்கிறது, அதாவது நிறம், குமிழி, படிவு. ரெண்டாவது, கண்ணுக்குத் தெரியாத அணுவும் அயனியும். மூணாவது, சமன்பாடும் ஃபார்முலாவும். பாடம் எடுக்கிறவர் இந்த மூணுக்கும் நடுவுல சர்வசாதாரணமா தாவுவார், ஏன்னா அவருக்குப் பழகிப்போச்சு. புதுசா கேட்கிறவனுக்கு மூணும் ஒரே நேரத்துல வந்து விழும்போது, கையில பிடிக்க முடியிறது மூணாவது மட்டும்தான். அதை மனப்பாடம் பண்ணிடலாமே.

நம்ம ஈடிடிஏ டைட்ரேஷனையே எடுத்துக்கோங்க. கண்ணுக்குத் தெரியறது, ஒயின் சிவப்பு நீலமா மாறுறது. நோட்ல இருக்கிறது ஒரு ஃபார்முலா. நடுவுல என்ன நடக்குது? ஈரோக்ரோம் பிளாக்-டி ஒரு சாயம். நாம ஊத்துற பஃபர் பிஹெச் 10-ஐ ஒட்டி வைக்குது, அங்கே அந்தச் சாயம் தனியா இருந்தா நீலம். மெக்னீசியம் அயனியைப் பிடிச்சுக்கிட்டா சிவப்பு. ஆனா அந்தப் பிடி அவ்வளவு கெட்டி இல்லை. ஈடிடிஏவோ ஆறு கையால பிடிக்கிற ஆள். முதல்ல கால்சியத்தைப் பிடிக்கும், அப்புறம் மெக்னீசியம், கடைசியில சாயத்தோட கையில இருக்கிறதையும் பிடுங்கிடும். கை காலியான சாயம் நீலமாகுது. அதுதான் எண்ட் பாயிண்ட். பஃபர் எதுக்குன்னு வைவால கேட்டா "பிஹெச் மெயின்டெய்ன் பண்ண" என்போம். ஏன் 10? இன்னும் ஏத்தி 12-க்கு மேல கொண்டுபோனா மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடாப் படிஞ்சு, கணக்குல இருந்தே விலகிடும். ரொம்ப இறக்கினா ஈடிடிஏவோட பிடி தளரும், சாயத்தோட நிறமும் குழம்பும். இதை ஒரு தடவை யாராவது போர்டுல படமா வரைஞ்சிருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சம்.

போன செமஸ்டர்ல லேப் அண்ணாகிட்ட கெஞ்சி ஒரு மதியம் வாங்கினேன். ஹாஸ்டல் பாத்ரூம் குழாய்த் தண்ணி 20 மில்லி, 0.01 மோலார் ஈடிடிஏ. இந்த அளவுக்குக் கணக்கு சுலபம். ஒரு மில்லி ஈடிடிஏ ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 14.6 மில்லி போச்சு. அப்போ லிட்டருக்கு 730 மில்லிகிராம். குடிதண்ணீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500-ன்படி 200 வரை நல்லது, வேற வழியே இல்லைன்னா 600 வரை. அதே தண்ணியைக் கொதிக்க வச்சு, ஆற வச்சு, வடிகட்டி, ஆவியான அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரால ஈடுகட்டித் திரும்பப் போட்டேன். 9.1 மில்லி, அதாவது 455. வித்தியாசம் 275, அதுதான் தற்காலிகக் கடினத்தன்மை. வாட்டர் ஹீட்டர் காயில்ல வெள்ளையா அப்பியிருக்கே, அதுவேதான். அதுல எலுமிச்சை பிழிஞ்சா நுரைக்கும், பாருங்க. ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதின "பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாக மாறுகிறது" அன்னிக்குத்தான் எனக்கு ஒரு பொருளாத் தெரிஞ்சுச்சு.

(ஒரு இடைச்செருகல்: வீட்டுக்கு வாட்டர் பியூரிஃபையர் விக்க வர்றவங்க டிடிஎஸ் மீட்டரை விட்டுக் காட்டி "தண்ணி ரொம்ப ஹார்டு சார்" என்பாங்க. அது அளக்கிறது மின்கடத்துத்திறனை. சமையல் உப்பைக் கரைச்சாலும் எகிறும், கடினத்தன்மை துளிகூட ஏறாது. அடுத்த தடவை கேட்டுப் பாருங்க.)

அதனால நான் சொல்ற யோசனை ரொம்பச் சின்னது. லேப்ல சாம்பிள் தயார் பண்ண வேண்டாம். நம்ம செக்‌ஷன்ல அறுபது பேர், பல மாவட்டம். லீவுக்கு ஊருக்குப் போறப்போ ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வரட்டும். கிணறு, போர், கார்ப்பரேஷன் குழாய், எதுவானாலும் சரி. ஒவ்வொருத்தர் தண்ணியும் வேற வேற, அப்போ யார்கிட்ட போய் "எவ்ளோ மச்சி" கேட்பீங்க? மார்க் எப்படிப் போடுறதுன்னு ஒரு மேடம் கேட்டாங்க. நியாயமான கேள்வி. மூணு ரீடிங் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு நெருக்கம், விலகினா அதுக்கு என்ன காரணம் எழுதியிருக்காங்க, இது ரெண்டுக்கும் போடலாம். சந்தேகம்னா பாட்டில்ல மீதி இருக்கும், எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தியரி வகுப்புக்கும் ஒரு வழி இருக்கு. ஹார்வர்டுல இயற்பியல் எடுக்கிற எரிக் மஸூர் 1990-களில் பிரபலமாக்கினது. அந்த ஹைட்ரஜன் டேங்க் மாதிரி ஒரு கேள்வி, எல்லாரும் தனியா விடை சொல்லணும், அப்புறம் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட வாதாடணும், மறுபடி விடை. லேப்ல திருட்டுத்தனமா பண்றதை இங்கே சட்டப்படி பண்ணலாம், ஆனா "எவ்ளோ" இல்லை, "ஏன்"னு கேட்கணும். ஒரு பீரியடுக்குப் பத்து நிமிஷம் போகும். அஞ்சு யூனிட் முடிக்கணுமேன்னு ஆசிரியர்கள் கவலைப்படுறதும் எனக்குப் புரியுது. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. எல்லா யூனிட்டுக்கும் வேண்டாம், முதல் யூனிட்டான தண்ணீருக்கு மட்டும் பண்ணிப் பார்க்கலாம்னு டிபார்ட்மென்ட்ல சொல்லியிருக்காங்க.

ஆகவே ஜூனியர்ஸ், இந்த லீவுல ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துட்டுப் போங்க. அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டு, காத்து இல்லாம கழுத்து வரை நிரப்பி மூடுங்க. ஊர், தேதி, கிணறா போரா, எல்லாத்தையும் ஒட்டி வையுங்க. முன்னோட்டமா நாங்க எட்டுப் பேர் கொண்டு வந்ததுல ரெண்டு பாட்டில் பேர் இல்லாம லேப் ஜன்னல்ல நிக்குது. ஒண்ணு 900-ஐத் தாண்டுது. எந்த ஊர் தண்ணின்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்.