வீட்டைப் பறித்துவிட்டு 'ஆக்கிரமிப்பாளர்' என்பதா?

'புறம்போக்கில் குடியிருப்பவர்' என்ற பெயர் காலனித் தெருவில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. மூன்று தலைமுறையாக அதே இடத்தில் அடுப்பு எரிந்திருந்தாலும், பட்டா இல்லையென்றால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் அவர் ஆக்கிரமிப்பாளர்தான்.

அமெரிக்காவிலும் இதற்கு ஒரு சொல் உண்டு: ஸ்குவாட்டர். நேர்ப்பொருளில் சொன்னால், குந்தியிருப்பவர். உரிமைப் பத்திரம் இல்லாமல் ஒரு வீட்டில் குடியிருப்பவரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் இந்தப் பெயருக்கு ஆளானவர்களில் சிலர், அதே வீட்டின் முன்னாள் சொந்தக்காரர்கள். சொந்த வீட்டில் ஒருவர் எப்படி ஆக்கிரமிப்பாளர் ஆக முடியும்? அந்த நகரத்தின் நூறாண்டு வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

கார் நகரம் காலியான கதை

1914-இல் ஃபோர்டு கார் நிறுவனம் ஒரு நாள் வேலைக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தது. அந்தக் காலத்தில் அது பெரிய கூலி. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் குத்தகைக்கு உழன்ற கறுப்பின மக்கள், அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், ரயிலேறி வடக்கே வந்தார்கள். 1950-இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்து 49 ஆயிரம்.

பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் இடம் மாறின. வீட்டுக் கடன் எளிதாகக் கிடைத்த வெள்ளையர்களும் புறநகருக்குப் போனார்கள். 2010-இல் மக்கள்தொகை 7 லட்சத்து 13 ஆயிரமாகக் குறைந்தது. மிஞ்சியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பின மக்கள். வரி வருமானம் வற்றிய மாநகராட்சி, 2013 ஜூலையில் திவால் மனு கொடுத்தது.

மறு ஆண்டு நகரத்தில் வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் மனைகளைப் பார்த்ததில், 84 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களும் மனைகளும் சிதைந்தோ, சிதையும் நிலையிலோ கிடந்தன.

வீடு வாங்கினால் கல்லடி

டெட்ராய்ட்டில் கறுப்பின மக்கள் வீடு வாங்கியதே பெரும் போராட்டம். 1925-இல் ஆசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்ததில் வெளியே ஒருவர் இறந்தார். வீட்டில் இருந்த 11 பேர் மீதும் கொலை வழக்கு. புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ வாதாடினார். முதல் விசாரணையில் ஜூரிகளிடையே ஒருமித்த முடிவு வரவில்லை. அடுத்து, மருத்துவரின் தம்பியைத் தனியாக விசாரித்த ஜூரிகள் அவரை விடுவித்தனர். மற்றவர்கள் மீதான வழக்கும் கைவிடப்பட்டது.

1941-இல் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு பகுதியை ஒட்டி, வெள்ளையர்களுக்கு வீடு கட்டி விற்க ஒருவர் திட்டமிட்டார். கறுப்பர்கள் பக்கத்தில் வாழும் இடத்துக்குக் கடன் உத்தரவாதம் தர முடியாது என்றது மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம். அவர் இடையில் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். கடன் உத்தரவாதம் கிடைத்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்துச் சுவரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உத்தப்புரத்தில் 2008-இல் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. டெட்ராய்ட் சுவர் இன்றும் நிற்கிறது. அதில் ஒரு பகுதியில் அந்தப் பகுதி மக்கள் தங்கள் வரலாற்றை ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள்.

இத்தனை தடைகளையும் தாண்டித்தான் கறுப்பினத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு வாங்கினார்கள். பல குடும்பங்களுக்கு வேறு சொத்தே கிடையாது.

வரி என்னும் வலை

2008-இல் அமெரிக்க வீட்டுக் கடன் நெருக்கடி வந்தது. வீடுகளின் விலை சரிந்தது. விலை சரிந்தால் சொத்து வரியும் குறைய வேண்டும் அல்லவா? டெட்ராய்ட்டில் அப்படிக் குறையவில்லை.

ஒரு சொத்தின் வரி மதிப்பு அதன் சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது மிச்சிகன் மாநில அரசமைப்புச் சட்டம். ஆனால் 2009 முதல் 2015 வரை ஆண்டுதோறும் 55 முதல் 85 சதவீத வீடுகளுக்கு இந்த வரம்பை மீறி மதிப்புப் போடப்பட்டதை, சட்டப் பேராசிரியர் பெர்னடெட் அட்டுவாஹெனே பங்கேற்ற ஆய்வு வெளிக்கொண்டுவந்தது. விலை மலிவான வீடுகள்தான், அதாவது ஏழைகளின் வீடுகள்தான், அதிகம் பாதிக்கப்பட்டன. 2010 முதல் 2016 வரை மக்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் கூடுதலாக வரி கேட்கப்பட்டதாக அந்த நகரத்து நாளிதழ் ஒன்று 2020-இல் கணக்கிட்டு எழுதியது.

வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி விதிக்கப்பட்டது. குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் அதுவும் வரிக் கணக்கில் ஏறியது. மூன்று ஆண்டு பாக்கி நின்றால் மாவட்டக் கருவூலம் வீட்டை எடுத்துக்கொள்ளும். 2011 முதல் 2015 வரை, நகரத்துச் சொத்துகளில் நான்கில் ஒன்று இப்படிப் பறிபோனது. முதல் ஏலத்தில் விற்காத வீடு, அடுத்த ஏலத்தில் 500 டாலரிலிருந்து கேட்கப்பட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 30 ஆயிரம் ரூபாய். எங்கோ இருந்து கணினி வழியாக ஏலம் எடுத்தவர்களில் பலர் அந்த வீட்டை நேரில் பார்த்ததுகூட இல்லை.

இதில் மிகக் கொடுமையானது ஒன்று உண்டு. வறுமையில் இருப்பவர்களுக்குச் சொத்து வரி விலக்கு அளிக்கச் சட்டமே வழி செய்திருந்தது. ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு சலுகை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் விண்ணப்ப நடைமுறை பெரும் சுமையாக இருந்தது. கட்டவே தேவையில்லாத வரிக்காக வீட்டை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

உள்ளே வந்தவர்கள் யார்?

டெட்ராய்ட்டில் தங்கி ஆய்வு செய்த சமூகவியல் அறிஞர் கிளேர் ஹெர்பர்ட், 2021-இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். காலி வீடுகளில் குடியிருப்போர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். வீடு ஏலம் போன பிறகும் வெளியேறாமல் அங்கேயே இருந்துவிட்டவர்கள் உண்டு. ஒழுங்காக வாடகை கொடுத்தும், வீட்டுக்காரர் வரி கட்டாததால் நடுத்தெருவுக்கு வந்த வாடகைதாரர்கள் உண்டு. போலிப் பத்திரத்தை நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. போக்கிடம் இல்லாமல், கைவிடப்பட்ட வீட்டைத் தேடிப் புகுந்தவர்களும் உண்டு.

அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் இவர்களை எதிர்க்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பூட்டிக் கிடக்கும் வீட்டில் செம்புக் குழாய் திருடு போகும், ஒரு நாள் தீப்பிடிக்கும். புல் வெட்டி, கூரையைச் சரிசெய்து, இரவில் விளக்கேற்றி ஒரு குடும்பம் குடியிருந்தால் தெருவுக்கே பாதுகாப்பு.

மறுபக்கமும் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் வீட்டில் வேறு ஆட்கள் புகுந்துகொண்டதாகச் சொந்தக்காரர்கள் குமுறினார்கள். அதைக் காரணம் காட்டி 2014-இல் மிச்சிகன் அரசு பிறர் வீட்டில் புகுந்து குடியிருப்பதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கு 180 நாள் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். அடுத்த முறை தண்டனை இன்னும் கடுமை. அடுத்தவர் வீட்டில் அத்துமீறிப் புகுந்தவரைத் தண்டிப்பதில் தவறில்லை. ஆனால் வரம்பு மீறி வரி போட்டு வீட்டைப் பறித்ததற்காக எந்த அதிகாரியும் சிறைக்குப் போகவில்லை.

ஆயிரம் டாலரில் திரும்பிய வீடு

ஏலத்திலும் விலை போகாத வீடுகளும் மனைகளும் 'லேண்ட் பேங்க்' எனப்படும் அரசு நில வங்கியிடம் குவிந்தன. அவற்றில் பலவற்றில் மக்கள் குடியிருந்தார்கள். எல்லாரையும் வெளியேற்றினால் மேலும் ஆயிரக்கணக்கான வீடுகள் பாழடையும். மக்கள் அமைப்புகளும் விடவில்லை. கடைசியில் நில வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. தகுதியுள்ள குடியிருப்பாளர், அவர் குடியிருக்கும் வீட்டையே 1,000 டாலருக்கு வாங்க அது வழி செய்தது. வீட்டு உரிமை குறித்த பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது, தண்ணீர்க் கட்டணத்தையும் வரியையும் கட்டிவர வேண்டியிருந்தது. நேற்றுவரை ஆக்கிரமிப்பாளர் எனப்பட்ட நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பத்திரம் பெற்றன.

வரி விலக்கு மறுக்கப்பட்டது குறித்துக் குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கு 2018-இல் சமரசத்தில் முடிந்தது. விலக்குக்கான விண்ணப்பத்தை எளிமையாக்க மாநகராட்சி ஒப்புக்கொண்டது. ஆனால் வீட்டை ஏற்கெனவே இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கையோடு அவர்கள் தொடர்ந்து போராடினார்கள்.

நமக்கு என்ன பாடம்?

1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபையிடம் அளித்த மனுவின் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. அவர்களின் போராட்டத்திலிருந்து நாம் கற்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

டெட்ராய்ட்டில் வீட்டைப் பறித்தது கல்லெறிந்த கூட்டம் மட்டுமல்ல. கடன் விதியும் வரி நோட்டீசும் ஏலப் பட்டியலும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்தன. வீட்டைக் காப்பாற்றியதும் காகிதம்தான்: தண்ணீர் ரசீது, குடியிருப்புச் சான்று, வரி விலக்கு விண்ணப்பம், வழக்கு மனு.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரிலேயே நிற்கிறதா? வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது பத்திரமாக இருக்கின்றனவா? எப்போதோ வந்த நோட்டீஸ் படிக்கப்படாமலே கிடக்கிறதா? படித்து, அம்மா அப்பாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள். ஆக்கிரமிப்பு என்று யாராவது வந்து சொல்லும் நாளில், உங்கள் வீட்டுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.