சொல்லும் குரலும்: பாப் டிலன் பாடல்கள் பற்றிய கருத்து வேறுபாடுகள்

ஒரு பாடலின் தகுதியை அளக்கப் புகுவோர் எதனை அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்? சொல்லையா, பண்ணையா, பாடுவோர் குரலையா? இவ்வினா பழையது. எனினும், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மனிதரைச் சுற்றி இவ்வினா ஓயாது எழுந்து வந்துள்ளது. அவர் அமெரிக்க நாட்டுப் பாடகரும் பாடலாசிரியருமாகிய பாப் டிலன் ஆவார். 'அவர் பாடல் இயற்ற வல்லவர். பாடத்தான் அறியார்' என்பர் ஒரு சாரார். 'அவர்தம் குரலே அப்பாடல்களுக்கு உயிர்' என்பர் மற்றொரு சாரார். 'அவர் இயற்றியனவாகக் கூறப்படுவனவற்றுள் பல பிறரிடமிருந்து பெற்றவை. அவற்றைக் கவிதை எனல் பொருந்தாது' என்பர் மூன்றாம் சாரார். இக்கருத்துகளைச் சான்றுகளோடு ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றமும் மரபும்

டிலன் 1941ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் மின்னசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராபர்ட் ஆலன் சிம்மர்மன் என்பது. இரும்புக் கனிம அகழ்வால் பெயர்பெற்ற ஹிப்பிங் என்னும் சிற்றூரில் வளர்ந்த அவர், 1961 ஜனவரியில் நியூயார்க் நகரை அடைந்தார். நாடோடிப் பாடகராகிய உட்டி கத்ரி அப்பொழுது நோயுற்று நியூ ஜெர்சி மருத்துவமனையில் இருந்தார். அவரைக் காண்பதும் டிலன் பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1961 செப்டம்பரில் ராபர்ட் ஷெல்டன் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் இவ்விளைஞரைப் பாராட்டி எழுதினார். அப்பாராட்டுரையிலேயே குரல் அழகியது அன்று என்னும் குறிப்பும் இடம்பெற்றது. ஆகவே, கருத்து வேறுபாடு புகழோடு உடன்பிறந்தது எனலாம்.

கொலம்பியா நிறுவனத்தின் ஜான் ஹாமண்ட் வெளிக்கொணர்ந்த முதல் இசைத்தட்டு 1962 மார்ச்சில் வந்தது. அதிலுள்ள பதின்மூன்று பாடல்களுள் இரண்டே டிலன் தாமே இயற்றியவை. எஞ்சியவை மரபுப் பாடல்களும் பிறர் பாடல்களும் ஆம். விற்பனை மிகக் குறைவாக இருந்தமையின், நிறுவனத்தார் டிலனை 'ஹாமண்டின் மடமை' என்று எள்ளினர்.

இம்முதல் இசைத்தட்டில் இருபது அகவை இளைஞர் ஒருவர் முதியவர்போல் கரகரத்துப் பாடுவது ஏன் என்று வினவுதல் வேண்டும். 1920களிலும் 1930களிலும் அமெரிக்கத் தென்பகுதியிலும் மலைப்பகுதிகளிலும் பதிவுசெய்யப்பெற்ற கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களும் வெள்ளையரின் மலைநாட்டுப் பாடல்களுமே அவருக்குப் பள்ளியாயின. ஹாரி சுமித் 1952இல் தொகுத்து வெளியிட்ட 'அமெரிக்க நாடோடி இசைத் தொகுதி' அத்தகைய பழம்பதிவுகளை இளைஞரிடையே பரப்பியது. அம்மரபில் மூக்கொலியும் கரகரப்பும் குறையாகக் கருதப்படுவன அல்ல. கதையைக் கேட்போர் நம்புமாறு சொல்லுதலே அங்குப் பாடகர்க்கு உரிய தகுதியாகும். மேடையிசைக்கும் திரையிசைக்கும் உரிய இனிமை என்னும் கோலைக்கொண்டு இக்குரலை அளப்போர், நாழியால் அளக்க வேண்டியதை முழத்தால் அளப்பாரை ஒப்பர்.

2. குரல் பற்றிய இரு கட்சிகள்

குரலைக் குறைகூறுவோர் காட்டும் வலிய சான்று ஒன்று உண்டு. டிலன் பாடல்கள் பிறர் பாடியபொழுதே பெரும்பரப்பை எட்டின என்பது அது. 'புளோயிங் இன் தி விண்ட்' என்னும் பாடலைப் பீட்டர், பால், மேரி என்னும் மூவர் குழு 1963இல் பாடி, அமெரிக்க விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் வரை கொண்டுசென்றது. 'மிஸ்டர் டாம்பரின் மேன்' என்னும் பாடலைப் பேர்ட்ஸ் குழுவினர் 1965இல் பாடி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் பெற்றனர். ஜிமி ஹென்றிக்ஸ் 1968இல் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' என்னும் பாடலுக்குக் கொடுத்த வடிவம் பெருஞ்சிறப்புடையது; டிலனே பின்னர் மேடைகளில் அவ்வடிவை அடியொற்றிப் பாடினார். இவற்றால், அவர் பாடல்கள் அவர் குரலின்றியும் வாழவல்லன என்பது தெளிவு. இதனை மறுத்தல் இயலாது.

ஆயினும், பேர்ட்ஸ் குழுவினர் செய்தது யாது என நுணுகி நோக்குதல் வேண்டும். டிலன் பாடலில் நான்கு பகுதிகள் உள. பாடும் நேரம் ஐந்து நிமிடத்திற்கு மேற்பட்டது. அக்குழுவினர் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, இரண்டரை நிமிடத்துக்குள் அடக்கினர். ஒத்திசைக்கும் குரல்களால் இனிமை பெருகியது, சொற்கோவை சுருங்கியது. மூவர் குழுவின் பாடலிலோ தனி ஒருவன் எழுப்பிய ஐயவினாக்கள் ஓர் அவையின் ஒருமித்த முழக்கமாயின. ஆகவே, பிறர் பாடியவற்றைக் குரல் திருத்தம் பெற்ற அதே பாடல்கள் எனல் பொருந்தாது. அவை வேறு பாடல்களாகவே ஆயின என்பதே நேரிது.

குரலின் கரகரப்பு இயலாமையால் விளைந்ததா, தேர்ந்துகொண்டதா என்பது அடுத்த வினா. 1969இல் வெளிவந்த 'நாஷ்வில் ஸ்கைலைன்' இசைத்தட்டில் டிலன் குரல் மென்மையும் உருட்சியும் உடையதாய் ஒலித்தது. புகைபிடித்தலை விட்டதே காரணம் என அவர் கூறினார். காரணம் எதுவாயினும், இனிய குரலில் பாட அவரால் இயலும் என்பதும், முன்னர் அதனை அவர் வேண்டாதிருந்தார் என்பதும் இதனால் போதரும். 2008இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் நூறு சிறந்த பாடகரை வரிசைப்படுத்தியபொழுது டிலனை ஏழாம் இடத்தில் வைத்தமை, இக்குரலை மதிப்போர் சிறுபான்மையர் அல்லர் என்பதைக் காட்டும்.

டிலன் தாமே 2015 பிப்ரவரியில் ஆற்றிய உரையொன்றில் இதற்கு விடை கூறினார். தம் குரலைத் தவளைக் குரல் என்போர், கரகரத்த குரலுடைய பிற பாடகரை அவ்வாறு பழிப்பதில்லையே என்று வினவினார். குரலின் அழகை அன்று, அது உண்மையைச் சொல்கின்றதா என்பதையே நோக்குதல் வேண்டும் என்னும் கருத்தைச் சாம் குக் என்னும் பாடகர் கூற்றாக எடுத்துக்காட்டினார். சாம் குக் மிக இனிய குரலுக்குப் பெயர்பெற்றவர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

3. இயற்றியவையா, பெற்றவையா?

இனி, மூன்றாம் சாரார் கூற்றை நோக்குவோம். ஆங்கில நாட்டு நாடோடிப் பாடகர் யூவன் மக்கால் 1965இல் டிலனின் பாடல்களைத் தரமற்றவை என்று கடுமையாகச் சாடினார். கனடா நாட்டில் பிறந்த பாடலாசிரியர் ஜோனி மிச்செல் 2010இல், டிலன் பிறர் படைப்பைத் தமதாக்கிக்கொள்பவர் என்று பழித்தார். இவ்விருவரும் அத்துறையிலேயே புகழ்பெற்றவர் ஆதலின், அவர்தம் கூற்றைப் புறந்தள்ளுதல் முறையன்று.

டிலன் பெற்றவை இருவகைப்படும். முதலாவது, மரபின் பொதுச்சொத்து. 'புளோயிங் இன் தி விண்ட்' பாடலின் மெட்டு, அடிமை வாழ்வினின்று விடுபட்ட கறுப்பின மக்கள் பாடிய பழம்பாடல் ஒன்றைத் தழுவியது. 'எ ஹார்ட் ரெயின்' எனத் தொடங்கும் பெயருடைய பாடலின் வினா-விடை அமைப்பு, 'லார்ட் ராண்டல்' என்னும் பழைய கதைப்பாடலிலிருந்து வந்தது. இவ்வழக்கம் அம்மரபில் இழுக்காகாது. உட்டி கத்ரியின் புகழ்பெற்ற நாட்டுவாழ்த்து அனைய பாடலின் மெட்டும் கார்ட்டர் குடும்பத்தார் பாடிய சமயப்பாடல் ஒன்றைச் சார்ந்ததே. பழங்கதையில் தாய் வினவுகின்றாள். நஞ்சுண்ட மகன் விடைகூறுகின்றான். டிலன் அவ்வினாக்களை நிறுத்தி, விடைகளில் அழிவை நோக்கிச் செல்லும் உலகம் முழுவதையும் வைத்தார். சட்டம் பழையது, ஓவியம் புதியது.

இரண்டாவது வகை, பெயர் தெரிந்த ஆசிரியர் நூல்களிலிருந்து பெற்ற தொடர்கள். 2001இல் வெளிவந்த 'லவ் அண்ட் தெஃப்ட்' தொகுதியில் ஜப்பானிய எழுத்தாளர் ஜூனிச்சி சாகா நூலின் தொடர்கள் காணப்படுதலை 2003இல் வாசகர் கண்டறிந்தனர். 2006இல் வெளிவந்த 'மாடர்ன் டைம்ஸ்' தொகுதியில், 1867இல் மறைந்த ஹென்றி டிம்ராட் என்னும் கவிஞரின் தொடர்கள் உள. நாடோடி இசையிலும் ஜாஸ் இசையிலும் எடுத்தாளுதல் வளமான மரபு என்று டிலன் 2012இல் விடையிறுத்தார். முதல் வகைக்கு இவ்விடை முழுதும் பொருந்தும். இரண்டாம் வகைக்கு அவ்வாறு பொருந்துவதாக நாம் கருதவில்லை. ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் முகத்தலும், ஒருவர் வீட்டுக் குடத்தில் முகத்தலும் ஒன்றல்ல. எடுத்தவற்றைக்கொண்டு புதியதோர் பொருளை அவர் ஆக்கியுள்ளார் என்பதை ஒப்பினும், பெற்ற இடத்தைச் சுட்டாமை குறையே. இக்குறை ஒரு சில தொகுதிகளைச் சார்ந்தது. 1960களின் பெரும்பாடல்களை இதனால் விலக்குதல் சாலாது.

4. அச்சில் காணாத பொருள்

குரலைப் பழித்துச் சொல்லைப் போற்றுவோரும், சொல்லைப் பழிப்போரும் ஒரு செயலில் ஒத்து நிற்கின்றனர். இருவரும் சொல்லைக் குரலினின்று பிரித்து, தாளில் வைத்துப் பார்க்கின்றனர். இவ்வாறு பிரித்தல் இயலுமா என்பதே நம் வினா.

1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகர விடுதியொன்றில் ஹாட்டி கரோல் என்னும் ஐம்பத்தோரு அகவைக் கறுப்பினப் பணிப்பெண்ணைச் செல்வ இளைஞர் ஒருவர் கைத்தடியால் அடித்தார், அவள் இறந்தாள். அவருக்கு விதிக்கப்பெற்ற தண்டனை ஆறு திங்கள் சிறை. இந்நிகழ்ச்சியைப் பற்றி டிலன் இயற்றிய பாடல் 1964இல் இசைத்தட்டில் வெளிவந்தது. அதில் அப்பெண்ணின் நிறம் ஓரிடத்தும் கூறப்படவில்லை. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும், அழுதற்குரிய காலம் இன்னும் வரவில்லை எனக் கேட்போர் தடுக்கப்படுகின்றனர். கொலையைக் கூறியபின்னும் அழ இசைவில்லை. தீர்ப்பைக் கூறியபின்னரே அதற்கு இசைவு பிறக்கின்றது. கொலையினும் நீதியின் வீழ்ச்சியே பெரிது என்பது இவ்வமைப்பால் பெறப்படும். இப்பாடலை நெஞ்சுருகும் இனிய குரலில் ஒருவர் பாடுவராயின், முதற்பகுதியிலேயே கேட்போர் கண்ணீர் விடுவர். பாடலின் கட்டுக்கோப்பு சிதையும். டிலனின் வறண்ட குரல் அழுகையை இறுதிவரை அணைகட்டி நிறுத்துகின்றது. ஈண்டுக் குரல் சொல்லுக்கு ஏற்றிய அணியாக நில்லாது, சொல்லின் பொருளிலேயே பங்குபெறுகின்றது.

மற்றொரு சான்று 'லைக் எ ரோலிங் ஸ்டோன்'. 1965 ஜூன் 15ஆம் நாள் இப்பாடலை மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் பாடிப் பார்த்தனர்; அடுத்த நாள் நான்கெண்ணிக்கைத் தாளத்துக்கு மாற்றிப் பதிவுசெய்தனர். 2015இல் வெளியிடப்பெற்ற பதிவுத் தொகுதியில் இவ்விரண்டனையும் ஒருங்கே கேட்கலாம். முன்னதில் இரக்கம் தோன்றுகின்றது. பின்னதில் நிலைதாழ்ந்தாளை நோக்கி எழும் வினாவின் ஈற்றுயிர் நீண்டு நீண்டு, எள்ளலும் வெற்றியும் ஒருவகை விடுதலையும் கலந்து ஒலிக்கின்றது. தாளில் அவ்வுயிர் நீளவில்லை. உயிர் தன் அளவைக் கடந்து ஒலித்தலும் ஒற்று நீண்டிசைத்தலும் இசைநூலார் கூறும் மரபு என்று தொல்காப்பியர் நூன்மரபின் இறுதியில் உரைத்தமை தமிழ் கற்றார் அறிந்ததே. எழுத்தின் அளவும் இசையின் அளவும் வேறு என்னும் அத்தெளிவு, டிலன் பாடல்களை அச்சில் மட்டும் கண்டு தீர்ப்புரைப்போர்க்கு இன்றியமையாதது.

5. நோபெல் பரிசும் அதன் பின்னும்

2016 அக்டோபர் 13ஆம் நாள், அமெரிக்கப் பாடல் மரபினுள் புதிய கவிதை வெளிப்பாடுகளைப் படைத்தமைக்காக டிலனுக்கு இலக்கிய நோபெல் பரிசு அறிவிக்கப்பெற்றது. சுவீடிய அகாதெமியின் செயலர் சாரா டேனியஸ், ஹோமர், சாப்போ ஆகியோர் பாக்களும் இசைத்தற்கென இயற்றப்பெற்றவையே எனச் சுட்டினார். சல்மான் ருஷ்டி வரவேற்றார். இர்வின் வெல்ஷ் எள்ளி மறுத்தார். 1913இல் பரிசு பெற்ற இரவீந்திரநாத தாகூரும் பெரும் பாடலாசிரியரே. எனினும் பரிசுக்குழுவினர் முன் இருந்த ஆங்கிலக் கீதாஞ்சலி இசையற்ற உரைநடை வடிவினது.

2017 ஜூன் மாதம் டிலன் அளித்த பரிசுரையில், பாடல்கள் இலக்கியத்தினின்று வேறுபட்டவை என்றும், அவை படித்தற்கு அல்ல, பாடுதற்கே உரியவை என்றும், சேக்சுபியரின் நாடகச் சொற்கள் மேடையில் நடித்தற்கு அமைந்தமை போன்றது இது என்றும் கூறினார். பரிசை மறுத்தோர் கூறிய காரணத்தையே பரிசு பெற்றவரும் கூறினார்; ஆனால், அதனின்று அவர் பெற்ற முடிவு வேறு.

6. முடிவு

பரிபாடலின் பழைய குறிப்புகள் பாடினார் பெயரையும், இசைவகுத்தார் பெயரையும், பண்ணையும் தனித்தனியே தருகின்றன. அங்கு மூவேறு நிலைகளாக நின்றவை டிலனிடம் ஒருவர்பால் கூடியுள்ளன. ஆதலின், ஒன்றன் குறையை மற்றொன்றன்மேல் ஏற்றுதலும், ஒன்றன் சிறப்பால் மற்றொன்றை மறைத்தலும் எளிதில் நிகழ்கின்றன.

நாம் கொண்ட அளவுகோல், குரல் சொல்லின் பொருளை நிறைவிக்கின்றதா என்பது. இக்கோல் டிலனுக்கு எப்பொழுதும் துணைநிற்பது அன்று. 1988 முதல் அவர் இடையறாது நடத்திய இசைநிகழ்ச்சிகளுள் சிலவற்றில் சொற்கள் கேட்போரை எட்டவில்லை என்றும், பாடல் இன்னதென்றே அறிய இயலவில்லை என்றும் அன்பர்களே குறைகூறினர். சொல் செவியை எட்டாதபொழுது, அக்குரல் சொல்லுக்கு உயிர் என்னும் வாதமும் அங்கே வீழ்கின்றது. மரபின் பெயரால் அதனை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று.

ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு நூல் பதிப்பிக்கும் முறையில் பயின்றோர்க்கு இத்துறையில் செய்தற்குரிய பணி மிகுதி. 1991 முதல் டிலனின் வெளிவராத பதிவுகள் வரிசையாக வெளியிடப்பெறுகின்றன. அவர் கைப்படிகளையும் பதிவுகளையும் சார்ந்த நடுவம் ஓக்லகோமா மாநிலத்து டல்சா நகரில் 2022இல் திறக்கப்பெற்றது. ஒரு பாடலின் பல பதிவுகளைப் பல பாடங்களாகக் கொண்டு, சொல் மாறாதிருக்கக் குரலால் பொருள் எவ்வாறு மாறுகின்றது எனத் தனித்தனியே ஆராய்ந்தால், 'பாடத் தெரிந்தவரா, அல்லரா' என்னும் வழக்கு தானே அடங்கும். எந்தப் பாடல், எந்தப் பதிவு, எந்தச் சொல் என்று கேட்கத் தொடங்கும் இடமே ஆராய்ச்சி தொடங்கும் இடமாகும்.